மேல் பாத்தியில் விழுந்த மண்

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே! ஏலக்காய் விவசாயிகள் சங்கத் தலைவர் மொக்கச்சாமி அவர்களே! சங்கத்தின் நிர்வாகிகளே! முதல் ஜீப்பைப் பிடித்து மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தோட்டத்துத் தாய்மார்களே! சிலமலை, ராசிங்காபுரம் விவசாயப் பெருமக்களே! மாணவச் செல்வங்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் உடன்பிறவாத் தங்கை சந்திரவல்லி அவர்களே! எல்லோருக்கும் இந்த வரலாற்று வாத்தியார் வீரணனின் வணக்கம். எந்தக் கூட்டத்திலும் 'அன்பிற்கினிய' என்று சொல்லித்தான் நான் தொடங்குவேன். என்னிடம் படித்தவர்களுக்கு அது தெரியும். இன்று அந்தச் சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

அந்தப் படத்தைப் பாருங்கள். நம் பள்ளியின் விலங்கியல் ஆசிரியர், முதுகெலும்பில்லாத உயிர்களின் வழக்கறிஞர், என் அருமைத் தம்பி பேச்சிமுத்து சிரித்துக்கொண்டிருக்கிறார். கழுத்தில் ஏலக்காய் மாலை. மந்திரி வந்தால் போடுகிற மாலை! கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற மாலை! சங்கம் போட்டிருக்கிறது. நல்ல முதல் தரக் காய், வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. உயிரோடு இருந்தபோது இதே சங்கம் அவருக்கு என்ன போட்டது என்பதையும் இன்று பேசத்தான் வேண்டும்.

யார் இந்தப் பேச்சிமுத்து? எழுபத்தொன்றில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு நுண்ணோக்கியும் தூக்கிக்கொண்டு போடியில் பஸ்சை விட்டு இறங்கினார். பெட்டியில் துணிமணி இருக்கும் என்று நினைத்து நான் ஒரு கை கொடுத்தேன். உள்ளே முழுவதும் கண்ணாடிப் புட்டிகள்! ஒவ்வொரு புட்டியிலும் ஒரு புழு! "என்னய்யா இது, குடித்தனம் நடத்த வந்தீரா, புழு வளக்க வந்தீரா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான் அண்ணே, ரெண்டுக்கும் ஒரு வீடு பாத்துக் குடுங்க" என்றார். அன்றைக்குப் பிடித்த சிநேகிதம். ஆசிரியர் அறையில் அவர் நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் பானைதான் இருந்தது.

அவர் வகுப்பை நான் சன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் ஒரு தட்டில் மண்புழு, ஓர் அட்டை, மாட்டுக் குடலிலிருந்து எடுத்த ஓர் உருளைப்புழு மூன்றையும் வைத்து, "இதெல்லாம் என்ன?" என்பார். பிள்ளைகள் ஒரே குரலில் "புழு சார்!" என்பார்கள். "சாட்டையும் பாம்பும் நீளமா இருக்கு. ரெண்டும் ஒரே சாதியா?" என்பார். வகுப்பு சிரிக்கும். பிறகுதான் பாடம். மண்புழுவின் உடம்பில் வளையம் வளையமாகக் கண்டங்கள் உண்டு, அட்டைக்கும் உண்டு, ஆகவே அவை இரண்டும் வளைதசைப் புழுக்கள், பங்காளிகள். இந்த மூன்றாவது ஆளுக்கு வளையம் கிடையாது. வழவழவென்று ஒரே குழாய். அவன் தனித் தொகுதி. உருவத்தைப் பார்த்து உறவு சொல்லாதே, உள்ளே அறுத்துப் பார்த்துச் சொல்! இதுதான் பேச்சிமுத்து சாரின் பாடம். இந்த ஊரில் எத்தனையோ டாக்டர்கள் அந்தத் தட்டில்தான் தொடங்கினார்கள்.

சங்கத்துக்காரர்களையும் அவர் வகைப்படுத்தி வைத்திருந்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள். "குழியுடலிக்கு உடம்புல ஒரே வாசல்தான் அண்ணே. திங்கிறதும் அது வழியா, கழிக்கிறதும் அது வழியா. நம்ம சங்கத்துலயும் சில பேரு பேசுறதக் கேட்டா..." என்று பாதியில் நிறுத்திவிட்டு டீயைக் குடிப்பார். யாரைச் சொன்னார் என்று கடைசி வரை சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்!

விளையாட்டு போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

சிலமலையில் கத்தரிச் செடி வாடியபோது, மருந்தடித்தும் உரம் போட்டும் பார்த்துச் சலித்துப்போய் அவரைத்தான் கூப்பிட்டார்கள். போய்ச் செடியைப் பிடுங்கினார். வேரெல்லாம் முடிச்சு, பாசிமணி கோத்தது போல. அதே முடிச்சை அடுத்த மாதம் மலையில் ஏல நாற்றிலும் பார்த்துவிட்டார். அங்கேயே பாறையில் நுண்ணோக்கியை வைத்து ஒரு முடிச்சைக் கீறினார். தோட்டத்து மாயக்காள் அதோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள்தான் முதலில் பார்த்தது. "ஆத்தாடி! என்ன சார் இது, தலையுமில்ல காலுமில்ல, வயிறு மட்டுந்தேன் இருக்கு!" என்றார்கள். "அது பொம்பளை. வேருக்குள்ள புகுந்து உக்காந்து, தின்னு தின்னு பேரிக்கா மாதிரி ஊதிப்போச்சு. இனிமே அது எங்கயும் போகாது. முட்டை மட்டும் போடும், நூறு நூறா" என்றார் அவர். "அப்ப இத்தனை செடியவும் இதுவா சாகடிக்குது?" என்று அந்த அம்மா கேட்டபோது இவருக்கு முகம் மாறிவிட்டது.

மாணவர்களே, நன்றாகக் கேளுங்கள். இதற்கு நூற்புழு என்று பெயர். தட்டில் இருந்த அந்த மூன்றாவது ஆளின் சொந்தக்காரன். கண்ணுக்குத் தெரியாது. இதற்கு இதயம் இல்லை, ரத்தம் இல்லை, நுரையீரல் இல்லை. தோலாலேயே மூச்சு விடும். உடம்புக்குள் இருக்கிற நீர் அழுத்திப் பிடிப்பதால்தான் விறைப்பாக இருக்கும், சைக்கிள் டியூபில் காற்று நிறைந்திருப்பதைப் போல. வாயில் ஓர் ஊசி. அந்த ஊசியால் வேரைக் குத்தி உறிஞ்சும். இன்னொன்று சொல்வார், அதுதான் முக்கியம். மண்புழுவுக்கு நீளத் தசையும் உண்டு, வட்டத் தசையும் உண்டு. அதனால் அது உடம்பை நீட்டும், சுருக்கும், ஊர்ந்து போகும். இதற்கு நீளத் தசை மட்டும்தான். இப்படி வளையும், அப்படி வளையும், அவ்வளவுதான். மண்ணின் ஈரத்துக்குள் துடித்துத் துடித்து ஒரு பருவம் முழுக்கப் போனாலும் ஒரு முழம் இரண்டு முழம் தாண்டாது. அப்படிப்பட்ட பிராணி இந்த மலையில் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு, அந்தத் தோட்டத்திலிருந்து எதிர்ச் சரிவுக்கு, எப்படிப் போனது?

"அது போகலை அண்ணே, நாமதான் தூக்கிட்டுப் போறோம்" என்றார் பேச்சிமுத்து.

எதில் தூக்கிப் போகிறோம்? உங்களுக்குத் தெரியும். புதிதாக நாற்றங்கால் போடுகிறவர்கள், இந்த மலையில் முதன்முதலாகப் போட்ட தோட்டத்திலிருந்து ஒரு கூடை மண் எடுப்பார்கள். மலையில் இருக்கும் ஆத்தா கல்லுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, தலையில் சுமந்து வந்து, புதுப் பாத்தியில் தூவிவிட்டுத்தான் விதை போடுவார்கள். ஆத்தா மண். அது விழாத பாத்தி விளங்காது என்பது நம் நம்பிக்கை. அந்த முதல் தோட்டம் யாருடையது? நம் தலைவர் மொக்கச்சாமி அவர்களுடையது. பாட்டன் காலத்துத் தோட்டம். மலை முழுக்க மண் கொடுத்த பெருமை அந்தக் குடும்பத்துக்கு. அந்தத் தோட்டத்து வேரில்தான் முடிச்சு அதிகம்.

எண்பதில் இதே மண்டபத்தில் பேச்சிமுத்து எழுந்து இதைச் சொன்னார். என்ன கூச்சல்! "ஆத்தாவையே புழுன்னு சொல்றியா?" என்று ஒருவர் நாற்காலியைத் தூக்கினார். அப்போது அவரைக் காப்பாற்றியவர் யார்? மொக்கச்சாமி! இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுந்து நின்று, "ஏய், உக்காருங்கப்பா! மாப்ளே சொல்றது நெசமா பொய்யான்னு செஞ்சு பாத்துருவோம். என் தோட்டத்துலயே எடம் தர்றேன்" என்றார். பேச்சிமுத்துவின் கையைப் பிடித்து மேடையில் சத்தியம் செய்தார். நான் கண்ணீர் விட்டேன். அப்படி ஒரு மனிதர் என்று என் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

சோதனை தொடங்கியது. சரிவில் இரண்டு பாத்தி. கீழ்ப் பாத்தியில் வழக்கம்போல ஆத்தா மண். மேல் பாத்தியில் வறுத்த மண். தகரத்தில் மண்ணைக் கொட்டி, அடியில் விறகு எரித்து, கிண்டிக் கிண்டி வறுத்தார். சட்டையெல்லாம் கரி. சூட்டில் புழுவும் முட்டையும் சாகும் என்பது கணக்கு. கீழ்த் தண்ணீர் மேலே ஏறாது, இருந்தாலும் நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டினார். மேல் பாத்திக்குத் தனி மண்வெட்டி, தனிச் செருப்பு. விதையைக் கழுவினார். ஊற்றுத் தண்ணீரைத்தான் விட்டார். எலிக்கு வேலி போட்டார். மழையைச் சந்தேகப்பட்டார், எலியைச் சந்தேகப்பட்டார், விதையைச் சந்தேகப்பட்டார், தன் செருப்பையே சந்தேகப்பட்டார். மனிதர்களை மட்டும் சந்தேகப்படவில்லை! 'மண்ணு வறுத்த சார்' என்று ஊர் பெயர் வைத்தது. அவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார்.

நாற்றைப் பிடுங்குகிற நாள் வந்தது. நானும் கூட இருந்தேன். கீழ்ப் பாத்தியில் முடிச்சு. எதிர்பார்த்ததுதான். மேல் பாத்தியில் ஒரு செடியைப் பிடுங்கினார். முடிச்சு. இன்னொன்றைப் பிடுங்கினார். முடிச்சு. பாத்தி முழுக்கப் பிடுங்கிப் போட்டார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நடக்காத புழு எப்பிடிண்ணே மேல வந்துச்சு?" என்று அவர் கேட்டது என்னைப் பார்த்துத்தான்.

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு இந்த மண்டபத்துக்கு வந்தார், இந்த ஒலிபெருக்கியின் முன்னால் நின்றார். "என் கணக்கு தப்பு. ஆத்தா மண்ணு மேல நான் சொன்ன பழி தப்பு. புழு வேற ஏதோ வழியா வருது, அது எனக்குத் தெரியல. நீங்க உங்க வழக்கப்படி செய்யுங்க. என்னை மன்னிச்சிருங்க" என்றார். கை தட்டினீர்கள்! ஆமாம், கை தட்டினீர்கள்! ஒரு மனிதன் தன் அறிவைத் தன் கையாலேயே குழியில் போட்டு மூடுகிறான், அதற்குக் கைதட்டல்! தலைவர் எழுந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் தொடக்கத்தில் கேட்டேனே, உயிரோடு இருந்தபோது என்ன போட்டார்கள் என்று. அந்தப் பொன்னாடைதான்.

அதன் பிறகு அவர் மலை ஏறவில்லை. யாராவது வாடிய செடியைக் கொண்டுவந்து காட்டினால், "வேளாண்மை ஆபீசுல காட்டுங்க, எனக்குத் தெரியாது" என்பார். கடைவீதியில் ஜீப்பு ஓட்டுகிற பையன்கள், "சார், மண்ணு வறுபட்டுச்சா? ரெண்டு உருண்டை குடுங்க!" என்று கத்துவார்கள். சிரித்துவிட்டுப் போவார். ஆனால் உருளைப்புழு பாடம் வந்தால், புத்தகத்தை விரித்து வைத்து வரி வரியாக வாசித்தார். புத்தகம் இல்லாமல் நாள் முழுக்கப் பேசுகிற மனிதர் அய்யா அவர்! நான் சன்னல் பக்கம் நிற்பதை நிறுத்திக்கொண்டேன். கேட்கத் தாங்கவில்லை.

அப்படியே மூன்று வருஷம். போன வாரம் சிலமலை பஸ்சுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முடிந்தது.

இப்போது நான் சொல்லப்போவது இந்த மண்டபத்தில் பல பேருக்குத் தெரிந்த செய்தி. தெரியாமல் இருந்தது மூன்று பேர்தான் போலிருக்கிறது. பேச்சிமுத்து, அவர் மனைவி சந்திரவல்லி, நான்.

எரித்துவிட்டு வந்த மறுநாள், துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். சங்கத்துப் பெரியவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். மொக்கச்சாமி தேம்பித் தேம்பி அழுகிறார். பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். சந்திரவல்லியின் முன்னால் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறார். என்ன ஆறுதல் தெரியுமா? "தங்கச்சி, மாப்ளே மேல நான் எம்புட்டு உசுரா இருந்தேன் தெரியுமா? வறுத்த மண்ணுல ஆத்தா இருக்க மாட்டாளே, செடி கருகி மாப்ளே ஊர் முன்னாடி தலை குனிஞ்சிரக் கூடாதேன்னு, விதை போட்ட வாரமே அவரு பாத்திக்கும் ரெண்டு கூடை ஆத்தா மண்ணு நானே தலையில தூக்கிட்டுப் போயித் தூவுனேன். அவரு செயிக்கணும்னுதேன் தூவுனேன்."

அவர் ஜெயிக்க வேண்டும் என்று, அவர் சோதனையிலேயே புழுவைக் கொட்டியிருக்கிறார்! அன்பினால் கொட்டியிருக்கிறார்! உலகத்தில் எந்த எதிரிக்கும் இந்த யோசனை வராது, நம் மலைக்காரனுக்குத்தான் வரும். அந்த அறியாமையை நான் மன்னிப்பேன். கூட்டமே, கேளுங்கள், அந்த இரண்டு கூடை மண்ணை நான் மன்னித்துவிட்டேன்.

ஆனால் நான் ஒரு கேள்வி கேட்டேன். "ஏப்பா மொக்கச்சாமி, அவரு மைக்கு முன்னாடி நின்னு மன்னிப்புக் கேட்டாரே, அப்ப நீ எங்க இருந்தே?"

"பக்கத்துலதேண்ணே இருந்தேன்."

"நாந்தேன் மண்ணு தூவுனேன்னு ஏன் சொல்லலை?"

"எப்பிடிண்ணே சொல்றது? சொன்னா என் தோட்டத்து மண்ணுதேன் கெட்டதுன்னு ஆயிருமே. பாட்டன் பேரு என்னாகிறது?"

அப்படியானால் இவருக்குத் தெரிந்திருக்கிறது! பாத்தியில் முடிச்சைப் பார்த்த அன்றே, எது எப்படி வந்தது என்று தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டுதான் பொன்னாடை போர்த்தினார்! நான் சுற்றிப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்த சங்கத்துப் பெரியவர்களில் ஒருவர் முகத்திலாவது ஆச்சரியம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே கைதட்டியிருக்கிறீர்கள். தெரிந்தே அவரோடு டீ குடித்திருக்கிறீர்கள். தெரிந்தே உங்கள் பிள்ளைகளை அவரிடம் படிக்க அனுப்பியிருக்கிறீர்கள்.

அய்யா, நான் டாக்டர் இல்லை. நீங்கள்தான் அவரைக் கொன்றீர்கள் என்று பேச மாட்டேன். அவர் நெஞ்சு அவர் நெஞ்சு. ஆனால் தான் சொன்னது சரி என்று தெரியாமலே ஒரு மனிதன் போய்விட்டான். தான் ஊரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டே போனான். ஊர்தான் தன்னை ஏமாற்றியது என்று அவனுக்குச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையே! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. இந்த மண்டபத்தில் எத்தனை இரங்கல் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இப்படி வயிறு எரிந்து பேசியதில்லை.

அன்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என் தங்கை சந்திரவல்லி வாசல்வரை வந்தார்கள். "அண்ணே, கூட்டத்துல பேசுவீங்கள்ல?" என்றார்கள். பேசுவேன் என்றேன். "அவரு நல்லவரு வல்லவருன்னு பேச வேணாம். அவரு சொன்னது சரின்னு மட்டும் சொல்லிருங்க. அது போதும்" என்றார்கள். ஆகவே சொல்கிறேன். பேச்சிமுத்து சொன்னது சரி! வறுத்த மண்ணில் புழு இல்லை, கொட்டிய மண்ணில் இருந்தது. நடக்காத புழுவை நாம்தான் தலையில் தூக்கிச் சுமந்தோம். இன்றைக்கும் சுமந்துகொண்டிருக்கிறோம். இந்த வருஷம் எதிர்ச் சரிவில் எத்தனை நாற்றங்கால் போயிற்று என்று மாயக்காளைக் கேளுங்கள். கூலி இல்லாமல் எத்தனை பேர் இறங்கி வந்தார்கள் என்று கேளுங்கள்.

ஆத்தாவை விடச் சொல்லவில்லை. நான் யார் விடச் சொல்ல? அவரும் சொன்னதில்லை. தீச்சட்டி எடுக்கிற ஊர் இது. பூக்குழி இறங்குகிற ஊர் இது. அவளுக்கு நாம் வைக்கிற பொங்கல் எதில் வேகிறது? நெருப்புப் பட்ட சோறு அவளுக்கு ஆகும், நெருப்புப் பட்ட மண் ஆகாதா? கூடையில் எடுங்கள், கல்லுக்கு முன்னால் வையுங்கள், கும்பிடுங்கள். பாத்தியில் போடுமுன் வறுத்துப் போடுங்கள். அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் சொல்லி அமர்ந்தார்கள். நான் எப்படித் தொடர்வேன் என்று சொல்கிறேன். திங்கட்கிழமை காலை ஜீப்பில் தகரமும் விறகும் ஏற்றுகிறேன். பழைய இடத்திலேயே மேல் பாத்தி, கீழ்ப் பாத்தி. நான் கிண்டுவேன். விதை முளைத்து நாற்றைப் பிடுங்குகிற நாள் வரைக்கும் மாயக்காளும் என் மாணவர்களும் முறை வைத்துக் காவல் இருப்பார்கள். எலிக்கு இல்லை, மனிதர்களுக்கு!

இந்த உரையின் முடிவில் எல்லோரையும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி கேட்டுக்கொள்வது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்க மாட்டேன். மூன்று வருஷம் மௌனம் காத்தது போதும்.

தலைவர் அவர்களே! நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி பக்கத்தில்தான் அன்று அவர் நின்று மன்னிப்புக் கேட்டார். அன்று உங்களால் எழுந்திருக்க முடியவில்லை. இன்று முடியுமா? துக்க வீட்டில் அழுதுகொண்டே சொன்னதை, இந்த ஊர் கேட்க, அழாமல் சொல்ல முடியுமா? பாட்டன் பெயர் ஒன்றும் ஆகாது. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். யாராவது நாற்காலியைத் தூக்கினால் முதலில் என் மேல் படட்டும்.

மொக்கச்சாமி, எந்திரிப்பா. இந்தா, மைக்கைப் பிடி. என்னைப் பாக்க வேணாம், கூட்டத்தையும் பாக்க வேணாம். அந்தா முன்வரிசையில உன் தங்கச்சி உக்காந்திருக்கு. அதைப் பாத்துச் சொல்லு.